இறங்காத முகப்பிசை

சலவை இயந்திரம் தன் கடைசிச் சுழற்சியை முடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகும் நிலவறையில் ஒரு சத்தம் மிச்சமிருந்தது.

சுகன்யாதேவி முதலில் அதைச் சுடுநீர்க் குழாயின் முனகல் என்றுதான் நினைத்தாள். ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரின் இந்தப் பக்கத்துக் கட்டடங்கள் எல்லாமே சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டப்பட்டவை. குளிர் தொடங்கியதும் குழாய்கள் சுவருக்குள் இருமும், பெருமூச்சு விடும், சில நாட்களில் ஒரு நோயாளியைப்போல முணுமுணுக்கவும் செய்யும். மார்கழி மாதத்துப் பின்னேரம் அது. தேநீர் நேரம் கடந்ததுமே வெளியே இருட்டிவிட்டது. கூரையோடு ஒட்டிய சின்னச் சன்னலின் அழுக்குக் கண்ணாடிக்கு அப்பால் நடைபாதையில் யாரோ போக, முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிந்து மறைந்தது. ஈரத்துணியின் வாசனைக்கும் சவர்க்காரத்தூளின் வாசனைக்கும் அடியில், எத்தனை தரம் வெள்ளை அடித்தாலும் போகாத பழைய நிலக்கரியின் வாசனை.

அவள் இயந்திரத்தின் வட்டக் கதவைத் திறந்து போர்வையை வெளியே இழுத்தாள். இழுத்தபடியே நின்றாள்.

குழாய் இப்படி ஏறி ஏறிப் போகாது. ஒற்றைக் குழலிசை ஒன்று, தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ ஊதுவதுபோல, ஒவ்வொரு படியாக மேலே வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் குமிழிகள் உடைவதுபோன்ற மின்னொலி. ஏறியது. இன்னும் ஏறியது. இனி இறங்கியே ஆகவேண்டும் என்று கேட்பவரின் நெஞ்சு தானாகவே மூச்சை இழுத்து வைத்துக்கொள்ளும் உச்சியில் அது வெட்டப்பட்டது.

ஒரு கணம் அமைதி.

மறுபடி முதலிலிருந்து.

எங்கே வெட்டப்படும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஈரப்போர்வையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் திரும்பிப் பார்த்தாள். சலவை அறைக்கு வெளியே நீண்ட ஒடுங்கிய நடை. இரண்டு பக்கமும் மரச்சட்டங்கள் இடைவெளிவிட்டு அடித்த அறைகள், வீட்டுக்கு ஒன்றாக. அவளுடைய வீட்டுக்கான அறை கடைசியில் இருந்தது. நடையின் மின்விளக்கு தானாக அணையும் வகையைச் சேர்ந்தது. அது அணைந்தது.

அவள் துணியை அப்படியே போட்டுவிட்டு மேலே ஓடினாள்.

*

சுகன்யாதேவியின் கணவர் தவராசாவை இசைப் பிரியர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சினிமாப் பாட்டோ கச்சேரியோ அவருக்குப் பொருட்டில்லை. அவருடைய உயிர் வேறு ஒன்றில் இருந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிரித்தானியத் தொலைக்காட்சி எடுத்த ஆவணப்படங்கள்; கடல், நட்சத்திரம், ரயில், இடிந்த கோட்டை, எதைப் பற்றியதானாலும் சரி. படத்தைவிட அதன் முகப்பிசை. அந்த இசை தொடங்கினால் எண்பத்தாறாம் ஆண்டின் அகதி விடுதிக்கு அவர் திரும்பிப் போய்விடுவார்.

அந்தக் கதையை அவர் சொல்லாத விருந்தே கிடையாது. யாரோ தெருவோரம் எறிந்த தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை விடுதிக்குத் தூக்கி வந்தார்களாம். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் முழுவதும் பிரித்தானியப் படைமுகாம்கள். அவர்களுக்கென்று தனியாக ஒளிபரப்பு இருந்தது. ஜெர்மன் பெட்டியில் அதன் படம் விழும், சத்தம் வராது. ஒரு குளிர்காலம் முழுவதும் ஊமைத் திமிங்கிலங்களைப் பார்த்தபடி, அடுத்த கட்டிலில் இருந்தவர்களுக்குத் தன் மனம்போனபடி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார் தவராசா. பிறகு ஐங்கரன் வந்தான். ஊரில் ரேடியோ திருத்தும் கடையில் வேலை செய்தவன். பெட்டியின் முதுகைக் கழற்றி ஏதோ ஒன்றைச் சேர்த்து ஒட்டினான். சத்தம் வந்தது. முதலில் வந்தது அந்தக் குழலிசை, ஆழ்கடலைப் பற்றிய ஒரு பழைய தொடரின் முகப்பிசை. தவராசா கட்டிலில் இருந்து விம்மி விம்மி அழுதாராம். நாட்டை விட்டு வந்த நாளில்கூட அழாதவர்.

சுகன்யாதேவி மணப்பெண்ணாக வந்து இறங்கிய முதல் வாரமே அந்த இசையைக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஜெர்மனும் தெரியாது, ஆங்கிலமும் மட்டுமட்டு. தவராசா அவளைப் பக்கத்தில் இருத்தி, அந்த ஆங்கிலேயக் குரல் சொல்லச் சொல்ல, அதைவிட மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். "இப்ப பாரும், இந்த மீனுக்குக் கண் இல்லை. இருட்டிலயே இருந்து இருந்து கண் வேண்டாமெண்டு போட்டுது." வெளியே பனி கொட்டும். அவருடைய சட்டையில் இரும்புத் தொழிற்சாலையின் எண்ணெய் மணக்கும். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே அவள் எத்தனையோ தரம் தூங்கிப்போயிருக்கிறாள்.

அதெல்லாம் அந்தக் காலம். பிறகு மகள் பிறந்தாள், வேலை வந்தது, மருத்துவமனைச் சமையலறையில் நின்று நின்று கால் வீங்கியது. அவர் மட்டும் அதே இசையோடு அதே சோபாவில் இருந்தார். வீடியோ நாடாக்கள் போய் டிவிடிகள் வந்தன. "இஞ்சேரும், ஒருக்கா வாருமன், இந்த இடத்தைக் கேளும்" என்று கூப்பிடுவார். முதலில் வரமாட்டேன் என்றாள். பிறகு பதில் சொல்வதையும் விட்டுவிட்டாள்.

*

போன வருடம் கார்த்திகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அதற்கு முதல்நாள் மகள் ஆதிரை ஸ்டுட்கார்ட்டில் வாங்கிய புது வீட்டுக்குக் குடிபுகுந்தபோது தகப்பன் போகவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது, ரயிலில் இருக்க ஏலாது என்றார். சுகன்யாதேவி தனியாகப் போய்விட்டு வந்தாள். நெஞ்சு செய்கிறதாம், ஆனால் ஐங்கரன் கொண்டுவந்த புது டிவிடியை மட்டும் பார்க்க முடிகிறதாம். ஞாயிறு காலை வந்திறங்கியதிலிருந்து அவரோடு அவள் கதைக்கவில்லை.

பின்னேரம் அவள் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது முன்னறையில் அந்தக் குழலிசை தொடங்கியது. ஏறியது. வெட்டப்பட்டது. மறுபடி தொடங்கியது. டிவிடியின் முதல் பக்கம் அது. ரிமோட்டில் பொத்தானை அழுத்தினால்தான் படம் ஓடும். அழுத்தும்வரை முகப்பிசையின் தொடக்கத் துண்டு மட்டும் சுற்றிச் சுற்றி வரும்.

"இஞ்சேரும்... ஒருக்கா வாருமன்."

குரல் கொஞ்சம் அடைத்திருந்தது. அதை அவள் கவனித்தாள். கவனிக்கவில்லை என்று பிறகு தனக்கே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருக்கிறாள், ஆனால் கவனித்தாள். சமாதானம் பேசக் கூப்பிடுகிறார், வேண்டுமானால் எழும்பி வரட்டும் என்று நினைத்தாள்.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். "இஞ்சேரும்." அவ்வளவுதான். பின்னால் ஒன்றும் இல்லை.

அவள் குசினிக் கதவைச் சாத்தினாள். அடுப்புக்கு மேலிருந்த புகைபோக்கி விசிறியை முழு வேகத்தில் போட்டாள். கத்தரிக்காய் பொரிந்தது. பொரித்து முடித்து விசிறியை நிறுத்தியபோது, சாத்திய கதவுக்கு அப்பால் இசை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. வெட்டப்பட்டது. தொடங்கியது. அவர் ஒருநாளும் அந்தப் பக்கத்திலேயே விட்டுவைப்பவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கதிரையில் இருந்து உள்ளி உரித்தாள். ஒவ்வொரு பல்லாக. நகக்கண் எரியும்வரை.

அவள் கதவைத் திறந்தபோது அறை இருண்டிருந்தது. திரையின் நீல வெளிச்சம் மட்டும் அவருடைய முகத்தில் அலையடித்துக்கொண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன. தாடை தொங்கியிருந்தது. ரிமோட் கீழே கிடந்தது. அவருடைய வலக்கை சோபாவின் கைப்பிடியைத் தாண்டி நீண்டிருந்தது, ரிமோட்டின் பக்கம் அல்ல, குசினியின் பக்கம்.

வந்த வைத்தியர் கேட்டார், கடைசியாக எப்போது அவர் பேசியதைக் கேட்டீர்கள் என்று. அவளுடைய வாய் ஜெர்மனில் பதில் சொன்னது. "தெரியாது. நான் கீழே நிலவறையில் துணி தோய்த்துக்கொண்டிருந்தேன்." அந்நிய மொழியில் பொய் சொல்வது அத்தனை இலேசாக இருந்தது. பிறகு அதையே தமிழில், நிலவறையை மட்டும் ஜெர்மன்காரரைப்போலக் கெல்லர் என்று, ஆதிரைக்குச் சொன்னாள். செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னாள். "கெல்லருக்க நிண்டனான். ஒண்டும் கேக்கேல்லை."

ஆதிரை அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். "நல்ல காலம் அம்மா, நீங்கள் கீழ நிண்டது. மேல நிண்டும் தெரியாமல் போயிருந்தா உங்களால தாங்கேலாமல் போயிருக்கும்."

*

சலவை அறையில் இசை கேட்ட மறுநாளே அவள் ஐங்கரனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவருடைய டிவிடிகள், நாடாக்கள், ஓட்டும் பெட்டி எல்லாவற்றையும் கொண்டுபோகச் சொன்னாள்.

ஐங்கரன் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு முன்னறையில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினான். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒவ்வோர் உறையை எடுக்கும்போதும் அதன் முகப்பிசையை மெல்ல முனகினான். தவராசாவும் அவனும் மணிக்கணக்காக விளையாடிய விளையாட்டு அது. ஒருவர் இரண்டே சுரம் முனக, மற்றவர் எந்தப் படம் என்று சொல்லவேண்டும்.

"அக்கா, கடல் டிவிடி மட்டும் உறைக்குள்ள இல்லை."

"மிசினுக்குள்ளதான் கிடக்கும். நான் தொடேல்லை."

அவன் கை நின்றது. "அண்டைக்குப் போட்டதே?"

"ஓம்."

"மெனுவிலயே நிண்டதெண்டு ஆதிரை சொன்னவ." அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "அண்ணை மெனுவில ஒருக்காலும் நிக்க விடார் அக்கா. முகப்பிசையை அரைவாசியில அறுக்கிறது பாவம் எண்டு சொல்லுவார். கேக்கிற சீவனை அந்தரத்தில தொங்க விடுறமாதிரியாம். எவ்வளவு நேரம் அப்பிடியே சுத்திக்கொண்டு கிடந்ததோ, மனுசனும் பக்கத்தில ஆரும் இல்லாமல்..."

"எனக்குத் தெரியாது." தன் குரல் உரத்துவிட்டதை அவளே உணர்ந்தாள். "நான் கீழ நிண்டனான்."

"ஓம் ஓம் அக்கா. நான் உங்களை ஒண்டும் சொல்லேல்லை."

அவன் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். கார் திரும்புவதைச் சன்னலில் நின்று பார்த்தாள். அவளுக்கு நெஞ்சு இலேசாகவில்லை. 'கீழ நிண்டனான்' என்ற சொல் வாயிலிருந்து விழும்போதெல்லாம், கீழே ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்படுகிறதுபோல இருந்தது.

அன்று பின்னேரம் நிலவறைப் படிக்கட்டுக் கதவைத் திறந்ததுமே கேட்டது. இந்தத் தடவை குழாயின் முனகலோடு குழப்பிக்கொள்ள முடியாதபடி தெளிவாக. டிவிடி இப்போது நகரின் மறுகோடியில் ஐங்கரனின் வீட்டில் இருந்தது. இங்கே அது ஏறியது. வெட்டப்பட்டது. தொடங்கியது.

அன்றிலிருந்து உடுப்புகளைக் குளியலறையில் கையால் தோய்த்தாள்.

*

கீழ்வீட்டு உல்றிக்க வந்து மணியடித்தது அந்த வாரக் கடைசியில். வெதுப்பகத்தில் வேலை செய்பவள். விடியமுன் போய் மத்தியானம் திரும்பிவிடுவாள். மற்றவர் காரியத்தில் மூக்கை நுழைக்காத பெண். இன்று கதவடியில் நின்று கைகளைப் பிசைந்தாள்.

"மன்னியுங்கள். உங்கள் வீட்டுக்கு உறவினர் யாராவது வந்திருக்கிறார்களா?"

"இல்லையே. ஏன்?"

"நிலவறையில் ஒருவர் பேசுகிறார். என் படுக்கையறைக்கு நேர் கீழே. பின்னேரங்களில். உங்கள் மொழி என்று நினைக்கிறேன். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கூப்பிடுவதுபோல." அவள் நெற்றியைச் சுருக்கி ஞாபகப்படுத்தினாள். "இஞ்... இஞ்-சே-ரூம். இஞ்சேரூம். அது பெயரா?"

சுகன்யாதேவி கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கட்டடத்தில் வேறு தமிழர் இல்லை. புருசன் பெண்சாதியைப் பெயர் சொல்லாமல் கூப்பிடும் அந்தச் சொல்லை, வெதுப்பக மாவின் மணத்தோடு ஒரு வெள்ளைக்காரியின் வாய் அவளுக்கு முன்னால் உருட்டிக்கொண்டிருந்தது.

"பெயர் இல்லை," என்றாள்.

"சரி. பயப்படவேண்டிய விசயம் இல்லைத்தானே? முதலில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வீட்டு நிர்வாகத்துக்குச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். பிறகுதான் நீங்களும் கூட இருக்கிறீர்கள் என்று தெரிந்தது. அதனால் பேசாமல் விட்டுவிட்டேன்."

"நானா?"

"நேற்றுப் பின்னேரம். அவர் கூப்பிட்டார், நீங்கள் பதில் சொன்னீர்கள். சிரித்தீர்கள்கூட." உல்றிக்கவின் முகத்தில் ஒரு தயக்கம் வந்து போனது. "உங்கள் குரல்தான்."

நேற்றுப் பின்னேரம் முழுவதும் அவள் மேலே குளியலறையில், வாளிக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள்.

*

சொல்லிவிடவேண்டும். யாருக்காவது உண்மையைச் சொன்னால் அது போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. கீழே நின்றேன் என்று அவள் சொன்னதால்தான் அவர் கீழே தேடுகிறார். பாவம் மனுசன். மேலே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவள் கெல்லருக்குள் நின்றாளாம் என்று செத்தவீட்டில் எல்லோரும் கதைத்ததைக் கேட்டுக்கொண்டு, அங்கே போயிருக்கிறார்.

ஆனால் பதில் சொல்வது யார்?

அதை அவள் நினைக்கவில்லை. நினைப்பு அந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம் வெட்டிவிட்டாள். ஆதிரைக்குத் தொலைபேசி எடுத்தாள். வெளியே மழையும் பனியும் கலந்து சன்னலில் அடித்தது. தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன.

"பிள்ளை, நான் உமக்கு ஒரு விசயம் சொல்லவேணும். அப்பா போன அண்டைக்கு..."

"அம்மா, கேக்கேல்லை. டிவியைக் கொஞ்சம் குறையுங்கோ."

"டிவி போடேல்லை."

"போட்டிருக்கிறியள். எனக்குக் கேக்குது." ஆதிரையின் குரல் தளர்ந்தது. "அது அப்பான்ர கடல் படமெல்லோ? எல்லாத்தையும் ஐங்கரன் மாமா கொண்டுபோட்டார் எண்டு சொன்னனீங்கள். ஏனம்மா அதைப் போட்டுப் போட்டு உங்களை நீங்களே வருத்துறியள்?"

சுகன்யாதேவி சுற்றிப் பார்த்தாள். தொலைக்காட்சி கறுப்பாக இருந்தது. அவளுடைய காதில் மழை மட்டும்தான் விழுந்தது. அந்த அறையில் வேறு சத்தமே இல்லை.

"ஆதிரை, நான் சொல்லுறதைக் கேளும். நான் அண்டைக்கு கெல்லருக்க..."

"தெரியும் அம்மா. கெல்லருக்க நிண்டனீங்கள். உங்களில ஒரு பிழையும் இல்லை. எத்தினை தரம் சொல்லுறது?" பிறகு, மிக மெதுவாக: "அம்மா, பக்கத்தில ஆர்? ஆரோ கதைக்கினம்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மகளுடைய காதுவரைக்கும் போய்விட்டது. இனி யாருக்குச் சொல்லியும் பலனில்லை. அவரிடமே சொல்லவேண்டும். செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தாமல், மாடிப்படிகளில் இறங்கினாள். உல்றிக்கவின் வீட்டுக் கதவின் கீழே வெளிச்சம் தெரிந்தது. அதைத் தாண்டினாள். நிலவறைக் கதவு எப்போதும் இறுகிக்கொள்ளும். இன்று விரல் பட்டதும் திறந்தது.

நிலக்கரி வாசனை. ஈரச் சுண்ணாம்பு. அதற்கும் மேலாக வேறொன்று, எண்ணெய், இரும்புத் தொழிற்சாலையின் எண்ணெய்.

சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. நடை வெறுமையாக நீண்டு கிடந்தது. அவள் சலவை அறையைத் தாண்டி நடந்தாள். மரச்சட்டங்களின் இடைவெளிகளில் மற்றவர்களுடைய சைக்கிள்களும் பனிச்சறுக்குப் பலகைகளும் பழைய தொட்டிலும் கடந்துபோயின. இசை ஏறிக்கொண்டிருந்தது. அவள் நடக்க நடக்க அதுவும் ஏறியது, குழல், குமிழி, குழல். உச்சி. மூச்சு நெஞ்சில் நின்றது. இப்போது வெட்டவேண்டும்.

வெட்டவில்லை.

அது இறங்கியது. எல்லா வாத்தியங்களும் ஒன்றாகச் சேர்ந்து, அகன்று, கருமையாகி, ஒரு பெரிய அலை கரையில் சாய்வதுபோல இறங்கின. இந்த வீட்டில் எத்தனையோ ஆண்டுகளாக அவள் கேட்க மறுத்த இசை. அவளுடைய கண்களில் நீர் வந்தது. பயத்தால் அல்ல. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

விளக்கு அணைந்தது.

இருட்டு இல்லை. நடையின் கோடியில், அவர்களுடைய அறையின் மரச்சட்டங்களுக்கு இடையால், நீல வெளிச்சம் கோடு கோடாக வெளியே விழுந்து தரையில் அலையடித்தது. ஆங்கிலேயக் குரல் ஒன்று, மரியாதையாக, அவசரமில்லாமல், ஏதோ சொல்லத் தொடங்கியது. அதன்மேல் இன்னும் மெல்லிய இன்னொரு குரல். தமிழ்.

"...இனி வெளிச்சம் வராது. இதுக்குக் கீழ இருக்கிறதுகள் ஒண்டும் மேல வந்ததில்லை. மேல வந்தா உடைஞ்சு போகுங்கள்..."

அவள் சட்டங்களைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

திரை தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிந்தது. இரண்டு கதிரைகள், முதுகு காட்டி. ஒன்றில் தவராசாவின் தலை, பின்னால் வழுக்கை விழுந்த வட்டத்தோடு. மற்றதில் ஒரு பெண். பின்னல் முதுகில் விழுந்திருந்தது. தையல்காரியின் கண்ணாடியில் தன் முதுகைப் பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியுமோ, அப்படிச் சுகன்யாதேவிக்குத் தெரிந்தது.

சொல்லத்தானே வந்தாள்.

"இஞ்சருங்கோ... நான் அண்டைக்குக் கீழ நிக்கேல்லை." குரல் ஒரு கீறலாக வந்தது. "மேலதான் நிண்டனான். நீங்கள் கூப்பிட்டது கேட்டது. ரெண்டு தரமும் கேட்டது. கேட்டுக்கொண்டு இருந்தனான்."

தமிழ்க் குரல் நின்றது.

அவர் திரும்பவில்லை. கோபம் இல்லை அந்தக் குரலில். பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வதுபோல, அன்போடு, சலித்துக்கொள்ளாமல்:

"என்ன கதை கதைக்கிறீர்? நீர் அண்டையிலயிருந்து இஞ்சதானே இருக்கிறீர்."

பின்னல் அசைந்தது.

பெண் எழும்பினாள். மெதுவாக. நீண்ட நேரம் ஒரே இடத்தில் இருந்தவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புவதுபோல. நீல வெளிச்சம் அவளைச் சுற்றி வந்தது. திரும்பினாள்.

சுகன்யாதேவியின் முகம். நெற்றியில் ஈரம் காயாத குங்குமப் பொட்டு. கழுத்தில் தாலிக்கொடி. கைகள் நிறையக் காப்பு. ஒரு வருடமாகச் சிரித்துக்கொண்டே இருந்த வாய்.

அவள் கதவடிக்கு வந்தாள். காப்புகள் ஒன்றோடொன்று உரசின. உள்ளேயிருந்து கொளுக்கியைக் கழற்றினாள். கதவை அகலத் திறந்துவிட்டு, வீட்டுக்கு வந்தவருக்கு இடம் விடுவதுபோல, சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் வெறும் கதிரையின் மெத்தை, யாரோ இருப்பதுபோலவே, இன்னும் பள்ளமாக அமுங்கிக் கிடந்தது.